மீட்டருக்குச் சளி பிடித்த வருடம்

குன்னூர்ப் பக்கத்து ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். டீ, வடை, ஆன்டெனா. இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு எடுத்தால் அடுத்த மாத வடை அவர் தலையில் என்று ஏற்பாடு. போன கூட்டத்துக்கு, வங்கியில் வேலை பார்க்கும் பிரதீப் தன் புதுக் கருவியைக் கொண்டுவந்தார். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஆன்டெனாவை மாட்டியதும் திரையில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் வளைந்து ஓடின. எல்லோரும் தலையை நுழைத்துப் பார்த்தோம். பார்த்து முடித்ததும், பழசையும் பக்கத்தில் வைத்தால்தானே அழகு தெரியும் என்று யாரோ சொல்ல, நான் என் மீட்டரை எடுத்து வைத்தேன்.

செங்கல் பருமன். ஒரு முள், ஒரு திருகு, எண்கள் எழுதிய ஒரு வட்டம். மேலே பச்சைக் கம்பளி உறை. பிரதீப் உறையைக் கழற்றியதும் மூக்கை உறிஞ்சினார்.

“ஏனுங்க மேடம், நீலகிரித் தைலம் வாசம் வருதுங்களே? மூடாம வெச்சா தைலம் காத்தோட போயிருமுங்க. இதுல மட்டும் எப்படி இத்தனை வருசமா நிக்குது?”

சபை சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. பதில் ஒரு டீக்குள் அடங்காது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

ஆன்டெனா அனலைசர் என்று இதற்குப் பெயர். வாயில் நுழைய நேரமாவதால் எங்களுக்கு அது எப்போதும் மீட்டர்தான். வயர்லெஸ் செட் எவ்வளவு உசத்தியானாலும் அதன் குரல் வெளியே போவது ஆன்டெனா வழியாகத்தான். ஒவ்வொரு சேனலுக்கும் ஆன்டெனாக் கம்பி இவ்வளவு நீளம் என்று ஒரு கணக்கு உண்டு. அது தப்பினால், அனுப்பிய சக்தியில் பாதி வெளியே போகாமல், சண்டை போட்டுக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். மீட்டரின் திருகை நம் சேனல் எண்ணுக்குத் திருப்பி, ஆன்டெனாவை அதில் மாட்ட வேண்டும். முள் ஒன்றில் நின்றால் பொருத்தம் சரி. மூன்று, நான்கு என்று ஏறினால் கம்பியில் கோளாறு. அவ்வளவுதான் சாஸ்திரம்.

நான் கோயம்புத்தூரில் டிப்ளமா முடித்துவிட்டு, இங்கே ஒரு தேயிலைக் கம்பெனியின் வயர்லெஸ் பிரிவில் சேர்ந்தேன். மலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கம்பெனிக்கு எஸ்டேட்டுகள் இருந்தன. பாக்டரிக்கும், டிவிஷன்கள் என்கிற தோட்டப் பகுதிகளுக்கும் நடுவே வயர்லெஸ்தான் பேச்சு. எங்கள் பிரிவு என்பது ஹெட் ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறை. அதற்கு முன் அங்கே உருளைக்கிழங்கு மூட்டை இருந்ததாம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்த என் அப்பாவுக்கு, பெண் ஆன்டெனாக் கம்பத்தில் ஏறுவதில் கவலை இருந்தது. நான் சம்பளத்தில் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்ததும் அது குறைந்துவிட்டது. கையைச் சுட்டுக்கொண்டது, கம்பத்தில் பாதியில் நின்று முழித்தது எல்லாம் இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாருக்கும் உள்ளதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் சூப்பர்வைசர் சென்னியப்பன் சார். கோபிப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாயைக் கழற்ற மாட்டார். யாரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார், பழுதான செட்டிடமும் கூட. ‘என்னங்க, இப்படி உசுர வாங்கறீங்களே’ என்று அவர் ஒரு பெட்டியிடம் மன்றாடியதை நான் கேட்டிருக்கிறேன். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். ஒரு வாக்கியத்தில் நான்கு ‘ங்க’ விழுந்தால் நாங்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவோம்.

இந்த மீட்டர் கம்பெனிச் சொத்து அல்ல. சாரும் ஹாம் ரேடியோக்காரர். வெளிநாட்டில் இருந்த மச்சான் மூலமாக அவர் தனக்கென்று வரவழைத்தது. அப்போது இந்த மலையில் அப்படி ஒன்றை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பச்சை உறை அவர் மனைவி பின்னியது. கோத்தகிரியிலிருந்தும் சோலூரிலிருந்தும் இரவல் கேட்டு ஆள் வரும். சார் இல்லை என்று சொல்ல மாட்டார். “மீட்டர் போற எடத்துக்கு நானும் வருவேனுங்க” என்பார். மீட்டர் கேட்டவர்கள் சாரையும் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து விட வேண்டும். புதுப்பெண்ணோடு துணைக்குப் போகும் அத்தை மாதிரி என்று நாங்கள் கேலி பேசுவோம். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

அவர் மீட்டரை மாட்டும் முறையைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஆன்டெனா வயரின் முனையைப் பூமியோடு தொட்டு எடுப்பார். மலைக்காற்று உரசி உரசிக் கம்பியில் மின்சாரம் சேர்ந்திருக்கும். அப்படியே மாட்டினால் மீட்டருக்குள் இருக்கும் டயோடு என்ற மிளகளவு பாகம் எரிந்துபோய்விடும். அடுத்து, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கையிலிருக்கும் வாக்கி-டாக்கியை மேசைமேல் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இந்த விதி அரவேணுப் பக்கம் ஒரு பாக்டரியில் பிறந்தது. நாங்கள் ஆன்டெனா அளந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அறை கிளார்க், பக்கத்து ஆன்டெனாவில் இலை எடையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தச் சக்தி மீட்டருக்குள் பாய்ந்து, முள் ஒரு துள்ளுத் துள்ளிப் படுத்துவிட்டது. அன்று கிளார்க்குக்கு விழுந்த ‘ங்க’வுக்குக் கணக்கில்லை. டயோடு மாற்ற மீட்டரைத் திறந்தபோதுதான் அதன் உள்ளே எனக்கு முதல் அறிமுகம். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டயோடுக்காக, சந்தையில் ஜோடி மாடு தேடுகிறவர் போல ஒரு டப்பா டயோடையும் சார் சோதித்தார்.

மூன்றாவது விதிதான் முக்கியம். அவர் சாவிக்கொத்தில் சின்னதாக ஒரு பிளக் தொங்கும். அதற்குள், சரியான ஆன்டெனா மாதிரி நடிக்கும் ஒரு ரெசிஸ்டர். அதை மாட்டினால் முள் கட்டாயம் ஒன்றில் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆன்டெனாவையும் மாட்டுமுன் இதைச் செய்துவிட்டு, “சத்தியம் வாங்கியாச்சுங்க, இனி பொய் சொல்லாது” என்பார்.

ஒரு பனிக்காலத்தில் மீட்டரின் திருகு கரகரத்தது. திருப்பினால் முள் குதித்தது. திறந்து பார்க்கட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் திருகு வெண்ணெயாக வழுக்கியது. என்ன செய்தீர்கள் என்றதற்கு, “ஊட்டுலயே சரி பண்ணிப்போட்டனுங்க” என்று மட்டும் சொன்னார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் அவலாஞ்சிக்கு அப்பால் இருந்த எங்கள் எஸ்டேட்டுக்குப் போனோம். அதன் மேல் டிவிஷனில் ஒரு டிஸ்பென்சரி. அங்கே நர்ஸ் ஞானம்மா. சிறுமியாக இலங்கையின் கண்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். பேச்சில் இன்னும் அந்த மலை இருந்தது. டாக்டர் இருப்பது கீழே பாக்டரிப் பக்கம். மழை பிடித்தால் ரோடு எங்காவது சரியும். அதன்பிறகு தொழிலாளர் லயத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஞானம்மாதான், ஞானம்மாவுக்கு வயர்லெஸ்தான். போன மழையில் காற்று ஆன்டெனாவைச் சாய்த்துவிட்டது. அந்த மழையின் கடைசி நாட்களில் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தபோது அவர் பேசியது கீழே யாருக்கும் எட்டவில்லை. குழந்தை பிழைத்தது, ஆனால் அந்தப் பயம் ஞானம்மாவை விடவில்லை. நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

“சேர், மருந்து பிந்தி வந்தாலும் நான் சமாளிச்சுக்குவேன். நான் கதைச்சா கீழ கேக்கணும். அது மட்டும் செஞ்சு குடுத்துட்டுப் போங்க.”

புதுக் கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே கொண்டுபோயிருந்தோம். அங்கேயே மீட்டர் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ரம்பத்தால் நறுக்கி நீளத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். சார் சத்தியம் வாங்கினார். முள் ஒன்றில் நின்றது. திருகைச் சேனல் எண்ணில் வைத்தார். நறுக்கினோம், அளந்தோம், நறுக்கினோம். முள் இறங்கி இறங்கி ஒன்றுக்கு வந்தது. கம்பத்தில் ஏற்றி, செட்டை மாட்டி, ஞானம்மாவின் கையில் மைக்கைக் கொடுத்தோம். அவர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது.

பிறகு ஒரு பெரிய பூசை நடந்தது. செட்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், பாட்டரியை மாற்றினோம், மைக்கை மாற்றினோம். வெளியே மேகம் சோலைக்காட்டின் மேல் உட்கார ஆரம்பித்திருந்தது. டிரைவர் வந்து, இன்றைக்கே மழை பிடித்துவிடும் போலிருக்கிறது, இறங்கிவிடலாம் என்றார். சார் அவரைப் பார்த்து, “நீங்க வேணும்னாப் போங்க, நாங்க இருந்துட்டு வர்றோமுங்க” என்றார். டிரைவர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஞானம்மா எங்களுக்குப் பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மைக்கைப் பார்த்தபடியே நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், மீட்டரைத் தவிர. அதுதான் சத்தியம் செய்துவிட்டதே.

கம்பியை மறுபடியும் இறக்கினோம். சார் வேறு வழியில்லாமல் மீட்டரை மாட்டித் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். விதிப்படி என் வாக்கி-டாக்கி மேசைமேல் இருந்தது. கீழே இருந்து மெலிதாகவாவது ஏதாவது கேட்காதா என்று அதை நான் இரைய விட்டிருந்தேன். சார் திருகும்போது நடுவில் ஒரு கணம் அந்த இரைச்சல் வாயை மூடிக்கொண்டது. பிறகு மீண்டும் இரைந்தது.

மீட்டர் என்பது உண்மையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். அது எந்தச் சேனலில் முனகுகிறதோ அந்தச் சேனலைக் கேட்கும் ரேடியோ பக்கத்தில் இருந்தால் அதன் இரைச்சல் அடங்கிப்போகும். என் வாக்கி-டாக்கி எங்கள் சேனலில் இருந்தது. ஆக, திருகு எங்கள் சேனல் எண்ணில் நிற்கும்போதுதான் அது அடங்க வேண்டும்.

“சார், சித்தப் பின்னால திருப்புங்க” என்றேன். திருப்பினார். அடங்கியது. இருவரும் எண்ணைப் பார்த்தோம். எங்கள் எண்ணைத் தாண்டி எங்கேயோ மேலே நின்றது. எங்கள் எண்ணில் வைத்தால் வாக்கி-டாக்கி தன்பாட்டுக்கு இரைந்தது.

சார் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, எம்பட மீட்டர் பொய் சொல்லுதுன்னு சொல்றீங்களாங்க?”

மூன்று ‘ங்க’ இருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அவருடைய மீட்டர், நர்ஸ் முன்னால். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நினைத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

“சத்தியத்துல பொய் இல்லீங்க சார். பொருத்தம் சரியாத்தான் சொல்லுது. எந்த ஊர்ல நின்னு சொல்லுதுங்கறத மட்டும் மாத்திச் சொல்லுதுங்க” என்றேன்.

கடிகாரம் நன்றாக ஓடினாலும் நேரம் தப்பாக இருக்கலாம் இல்லையா, அதே கதைதான். சாவிக்கொத்து ரெசிஸ்டருக்கு எந்தச் சேனலும் ஒன்றுதான். அதனால் அதனிடம் இந்தக் களவு பிடிபடாது. சார் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மீட்டரின் மூடியைக் கழற்றினார். திறந்ததும் ஞானம்மா மூக்கைத் தூக்கினார்.

“இது தைலம் தானே சேர்?”

சார் மேல் எப்போதும் தைல வாசம் அடிக்கும். சட்டைப்பையில் ஒரு சீசா இருக்கும். உறையிலும் அது சிந்தியிருக்கும். அதனால்தான் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. இந்த மலையில் தைலத்துக்கு ஆகாத காரியம் கிடையாது. தலைவலிக்கு, முட்டிவலிக்கு, காலில் ஏறிய அட்டைக்கு, சுவரில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு, கதவுக் கீலுக்கு. ஆனால் திருகுக்குப் பின்னால் இருந்து சேனலை மாற்றும் கண்டன்சருக்குள் காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள் இருக்கின்றன. தைலம் இறங்கி அவை ஊறி உப்பிக் கிடந்தன. மூடியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், மேகம் படர்ந்தது போல மங்கியிருந்தது. அதனால்தான் மீட்டர் தான் சொல்லும் எண்ணைவிடக் கீழே முனகிக்கொண்டிருந்தது.

சார் குல்லாயைக் கழற்றினார். அவர் தலையை நான் முதல் முறையாகப் பார்த்தது அன்றுதான்.

“கரகரன்னுச்சுங்க. நெஞ்சு கரகரன்னா எதைப் போடுவோமோ அதைத்தானுங்க போட்டேன்” என்றார்.

ஞானம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் நானும். சாரும் சிரித்தாரா என்றால், உதட்டில் கொஞ்சம் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் விஷயம் இன்னும் அங்கேயே நின்றது. சேனல் எண் குறையக் குறையக் கம்பி நீளும்; ஆக, நான் சொல்வது சரியென்றால் எங்கள் கம்பி இன்னும் நீளம். மேலும் மூன்று விரல்கடை நறுக்க வேண்டும். தப்பென்றால், நறுக்கிய கம்பியை ஒட்ட முடியாது. வேறு கம்பி குன்னூரில்தான் இருக்கிறது, மழையோ தலைக்கு மேல் இருக்கிறது. மீட்டரின் எண்ணை நம்பினால் கம்பி ஏற்கெனவே சரி. வாக்கி-டாக்கியின் மௌனத்தை நம்பினால் நறுக்க வேண்டும். ரம்பம் என் கையில் இருந்தது. சார் கையை நீட்டினார்.

“குடுங்க அம்மணி. மீட்டர் என்னுது. தப்பாப் போனா வெட்டுனதும் நானா இருக்கட்டுமுங்க.”

வாக்கி-டாக்கி அடங்கிய இடத்தில் வட்டத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். எண்ணை மறந்துவிட்டு, திருகை அந்தக் கோட்டில் வைத்தோம். முள் மூன்றில் நின்றது. சார் ஒரு விரல்கடை நறுக்கினார். முள் கொஞ்சம் இறங்கியது. இன்னொன்று. இன்னும் இறங்கியது. மூன்றாவது நறுக்கில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ரம்பம் போட்டதாக ஞானம்மா பிறகு சொன்னார்; நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றில் வந்து நின்றது.

கம்பத்தில் ஏற்றினோம். ஞானம்மா கூப்பிட்டார். பாக்டரி ஆபரேட்டர் உடனே பதில் சொன்னார், ஏன் இப்படிக் கத்துகிறீர்கள், பக்கத்து அறையில் இருக்கிற மாதிரிதானே கேட்கிறது என்று. ஞானம்மா மைக்கை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் இறங்கும்போதே மழை தொடங்கிவிட்டது.

அந்தப் பருவத்தில் ரோடு சரியத்தான் செய்தது. விறகு வெட்டும்போது காலில் கத்தி இறங்கிய ஒரு பெரியவரை, கீழே இருந்து டாக்டர் சொல்லச் சொல்ல, ஞானம்மா கட்டுப் போட்டுத் தையலும் போட்டுக் காப்பாற்றினார். அந்தப் பெரியவர் அடுத்த வருடம் தோட்டத்தில் நடமாடியதை நானே பார்த்தேன். எனக்குக் கிடைத்த விருது அதுதான்.

குன்னூர் திரும்பி மீட்டரைச் சரிசெய்யும் பொறுப்பை சார் என்னிடம் விட்டார். ஊட்டியில் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் எறிந்து வைத்திருந்த பழைய பாக்கெட் டிரான்சிஸ்டர்களிலிருந்து கண்டன்சர் கண்டன்சராகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஒன்று ஒத்துப்போனது. அச்சடித்த வட்டத்துக்கு அதோடு சரிப்படவில்லை. காகிதத்தில் புதிதாக ஒரு வட்டம் வரைந்து, ரேடியோ அடங்கும் இடத்தையெல்லாம் காதால் கேட்டுக் குறித்தேன். எங்கள் சேனல் வரும் இடத்தில் எண் போடவில்லை. ‘ஞானம்மா’ என்று எழுதினேன். சார் பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு சாவிக்கொத்தால் ஒன்று, வாக்கி-டாக்கியால் ஒன்று என்று இரண்டு சத்தியம் வாங்குவது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது.

சார் ஓய்வு பெற்ற அன்று, மாலை சால்வையெல்லாம் முடிந்ததும், மீட்டரை உறையோடு என் கையில் கொடுத்தார். மீட்டர் போகிற இடத்துக்கு நீங்களும் வர வேண்டுமே சார் என்று கேலி செய்தேன். “வருவேனுங்க” என்றார். வந்தார். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் ஞானம்மாவின் ஆன்டெனாவைப் பார்க்கப் போகும்போது, ஜீப் முன் சீட்டில் குல்லாயோடு உட்கார்ந்து வந்தார். கம்பத்தில் ஏற முடியாத வயதிலும் கீழே நின்று வழி சொன்னார். பிறகு ஒரு மார்கழியில் காலமானார். என் அப்பா போனபோது அழுத அளவுக்கு அழுதேன்.

அடுத்த மழைக்கு முன் நான் மட்டும் போனேன். ஞானம்மா வாசலில் நின்று, ஜீப்பின் முன் சீட்டைப் பார்த்தார். செய்தி ஏற்கெனவே வயர்லெஸ்ஸில் போயிருந்தது. உள்ளே மேசைமேல் மீட்டரை வைத்து உறையைக் கழற்றினேன். அவர் மூக்கை உறிஞ்சினார்.

“சொன்ன மாதிரியே சேர் வந்துட்டாரு” என்றார்.

அப்புறம் இரண்டு சத்தியமும் வாங்கி, திருகை அவர் பெயருக்குத் திருப்பினேன். முள் ஒன்றில் நின்றது.

பிரதீப், நீங்கள் சொன்னது சரிதான். தைலம் இத்தனை வருடம் நிற்காது. வாசம் குறையும்போதெல்லாம் நான்தான் ஒரு சொட்டு விடுகிறேன். உறையில் மட்டும்.